கேஜை மட்டும் தொட்டுவிடாதீர்கள்

முதலில் பம்பை மாற்றிவிடுங்கள். வண்டிக்கு என்ன கோளாறு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்கை ஆசைப்பட்டு வாங்கி ஷெட்டில் நிறுத்தியிருப்பவர்கள் வழிவழியாகக் கடைப்பிடித்துவரும் முறை இதுதான். குறிப்பாக, 1985 முதல் 1996 வரை வந்த, இன்ஜெக்டர் வைத்த ஃபோர்டு எஃப்-150 காரர்கள். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, வெயிலில் நடுரோட்டில் நின்றுவிடுகிறது, காலையில் சாவியைத் திருப்பினால் நெடுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். ஷெவர்லே வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் இலை போட்டிருக்கிறது.

எதைச் செய்யக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் மேல் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயில் டயரில் இருப்பது மாதிரியே ஒரு வால்வு, தலையில் மூடியோடு நிற்கும். ஷ்ரேடர் வால்வு என்பார்கள். மூடியைக் கழற்றி, பிரஷர் கேஜை அதில் திருகி, சாவியைப் போட்டால் முள் எழும். கேஜ் சொந்தமாக வேண்டும் என்றுகூட இல்லை. பெரிய உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டினால் கடனாகத் தருவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுக்க வந்துவிடும். கால் மணி நேர வேலை. ஆகையால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சனி, ஞாயிறு முழுக்க ஓட வேண்டிய காரியம் டீ ஆறுவதற்குள் முடிந்துபோகும்.

எதற்காக இத்தனை பிரஷர் என்று கேட்பவர்களுக்கு: கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இன்ஜினோடு ஒட்டியிருந்த மெக்கானிக்கல் பம்ப் 5, 6 பிஎஸ்ஐ கொடுத்தால் போதும். கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். பம்ப் சற்றுச் சுணங்கினாலும் அதை வைத்து இன்ஜின் சமாளித்துவிடும். 1985-இல் 5.0 லிட்டர் வி8-க்கு ஃபோர்டு இன்ஜெக்‌ஷன் கொடுத்தது. 1987-இல் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டருக்கும், 1988-இல் 5.8, 7.5 லிட்டர் இன்ஜின்களுக்கும் வந்தது. கார்புரேட்டரோடு கிண்ணமும் போயிற்று. இப்போது இன்ஜெக்டர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முதுகில் பிரஷர் நின்றாக வேண்டும்.

இதில் ஒரு கூத்து உண்டு. இந்த வண்டிகளின் கம்ப்யூட்டர் பிரஷரை அளப்பதே இல்லை. இருக்கும் என்று நம்பி, இத்தனை மில்லிசெகண்ட் திற என்று மட்டும் இன்ஜெக்டருக்குச் சொல்கிறது. பிரஷர் பாதியாக விழுந்தாலும் அதற்கு நேராகத் தெரிய வழியில்லை. பிறகு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று குறை சொல்லும். இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, உடனே ஒரு புது ஆக்சிஜன் சென்சார் வாங்குவது.

தப்பித்தவறி யாராவது எண் கேட்டால், பொத்தாம்பொதுவாக “நாற்பது” என்று சொல்லி வையுங்கள். வி8 என்றால் 30-லிருந்து 45 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும், 40 நல்ல எண். 4.9 லிட்டருக்கோ 45-லிருந்து 60 வரை வேண்டும், 40 என்றால் பஞ்சம். அதே ஃபோர்டு, அதே வருஷம், அதே பானெட். பக்கத்து வீட்டு வி8 காரர் தன் வண்டியின் எண்ணை உங்களுக்குச் சொல்லி, அதை நம்பி நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருந்தால், இந்த வழிகாட்டியின் பாதியை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர் நீங்கள்.

கேஜ் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. வால்வின் நடு ஊசியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்துவது, பெட்ரோல் எவ்வளவு உயரம் அடிக்கிறது என்று பார்ப்பது. முகத்தில் அடித்தால் பிரஷர் நன்று, சட்டைப் பையோடு நின்றால் சுமார். 15 பிஎஸ்ஐ இருந்தாலே பெட்ரோல் நன்றாகத்தான் பீய்ச்சும் என்பது இந்தச் சோதனையின் அழகு. வண்டி ஓடாது, சோதனையில் மட்டும் பாஸ் ஆகிவிடும். சற்றுக் கீழே சுடச்சுட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பதால் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேலியாகத்தான் சொல்கிறேன், தீயணைப்பானை மட்டும் நிஜமாகவே வையுங்கள்.

காசு செலவில்லாத சோதனைகள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றையும் தவிர்க்க வேண்டும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில், எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். விபத்தில் வண்டி இடிபட்டால் பம்புக்குப் போகும் கரண்டை அது வெட்டிவிடும். கனமான பூட்ஸால் ஓங்கி ஒரு உதை விழுந்தாலும் வெட்டிவிடும். தலையில் உள்ள பட்டனை அழுத்தினால் சரி. அதைப் பார்க்காதீர்கள். சாவியைப் போட்டதும் பம்ப் ஒரு நொடி முனகிவிட்டு நின்றுவிடும், இன்ஜின் சுற்றினால்தான் மறுபடி ஓடும். அது அதன் சுபாவம். நீங்களோ, நின்றுவிட்டது, ஆகவே செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டும். பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து வேக்குவம் குழாய் ஒன்று போகும். அதைப் பிடுங்கி முகர்ந்தால், பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் உள்ளே டயாஃபிரம் கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்றினால் முடிந்தது கதை. இவ்வளவு சீக்கிரம் முடியும் கதையை யார் விரும்புவார்கள்?

சரி, பம்பை மாற்றுவோம். பம்ப் டேங்குக்குள் இருப்பதால் டேங்கை இறக்க வேண்டும். அதற்கு உகந்த நாள், டேங்கை வழிய வழிய நிரப்பியதற்கு மறுநாள். பம்புகள் பெரும்பாலும் அன்றுதான் சாகின்றன, எனவே நீங்கள் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. எஃப்-150-இன் பின் டேங்க் 18.2 கேலன். கிட்டத்தட்ட 69 லிட்டர், பெட்ரோல் மட்டுமே ஐம்பது கிலோ. ஜாக்கின் மேல் ஒரு பலகை வைத்து, பலகை மேல் டேங்கைத் தாங்க வைத்து, பட்டைகளின் நட்டைத் திருக ஆரம்பியுங்கள். நட்டு திரும்பாது. துருவேறிய போல்ட் முறியும். இது சாஸ்திரப்படி நடக்க வேண்டிய ஒன்று, பதற வேண்டாம்.

டேங்க் இரண்டு விரற்கடை இறங்கியதும் அதன் தலையில் முப்பது வருஷமாக மழைச் சேறும் புழுதியும் சேர்ந்து இறுகிய ஒரு அடுக்கு கண்ணுக்குத் தெரியும். தெரிந்த அடுத்த கணம் அது கண்ணுக்குள் இருக்கும். மிச்சம், பம்பைத் தூக்கியதும் டேங்குக்குள் விழும். கழற்றுவதற்கு முன்னால் மேலே துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொறுமை அதிகம், அடுத்த மாதம் இன்னொரு ஃபில்டர் வாங்கும் பாக்கியம் இல்லை. இரும்பு டேங்காக இருந்தால் பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தைப் பித்தளைக் குச்சி வைத்துத் தட்டுவார்கள், இரும்பால் தட்டினால் பொறி பறக்கும் என்று. பெட்ரோல் ஆவி மணக்கும் இடத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. இதிலும் நான் விளையாடவில்லை.

டேங்கை இறக்க மனமில்லாதவர்கள் பின்பெட்டியைத் தூக்கலாம். போல்ட்டுகளைக் கழற்றி, நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்தால் பெட்டி மேலே வரும், பம்ப் கண்ணுக்கு நேராகக் கிடைக்கும். உண்மையில் நல்ல யோசனை. அதனால், பெட்ரோல் ஊற்றும் வாயைப் பெட்டியோடு பிணைத்திருக்கும் மூன்று சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்ற மறந்துவிடுங்கள். நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி நிற்க, பெட்டியோடு டேங்கின் ரப்பர் குழாயும் இழுபட்டு வரும். கீழே வைக்கவும் முடியாது, மேலே தூக்கவும் முடியாது. நட்புகளின் ஆழம் தெரியும் நேரம் அது.

இரட்டை டேங்க் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். முன் டேங்க், பின் டேங்க். நெடிய பெட்டி வைத்த வண்டியில் இரண்டும் சேர்த்து 37.2 கேலன் பிடிக்கும். அந்தச் சுவிட்ச்தான் அந்த வண்டியிலேயே மிகச் சிறந்த சோதனைக் கருவி. அதனால்தான் யாரும் அதைச் சோதனைக்குப் பயன்படுத்துவதில்லை.

விஷயம் இதுதான். 1989 வரை வந்த இன்ஜெக்‌ஷன் எஃப்-150-களில் ஒவ்வொரு டேங்குக்குள்ளும் ஒரு மெல்லிய பம்ப். அதன் வேலை, பெட்ரோலை வெளியே தள்ளிவிடுவது மட்டும். பிரஷரை ஏற்றுவது டிரைவர் சீட்டுக்குக் கீழே ஃபிரேமின் உள்பக்கம் மாட்டியிருக்கும் இன்னொரு பம்ப். அதற்குத் தள்ளத் தெரியும், உறிஞ்சுவதில் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. டேங்குக்குள் இருப்பது செத்துவிட்டால் ஃபிரேம் பம்ப் தானே உறிஞ்சிப் பார்க்கும், வெறும் காற்றை மென்று கீச்சென்று கத்தும், கத்திக் கத்தி அதுவும் போகும். இப்போது சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். ஒரு டேங்கில் ஒழுங்காக ஓடி, மறு டேங்கில் திணறினால் திணறும் டேங்கின் பம்ப்தான் குற்றவாளி. இரண்டிலும் திணறினால் இரண்டுக்கும் பொதுவான ஃபிரேம் பம்ப், ஃபில்டர், ரிலே இவற்றில் ஒன்று. ஒரே விரலால் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இந்தப் பத்தியைப் படித்துவிட்டீர்கள் என்றால் உடனே மறந்துவிடவும். முறைப்படி, கத்துகிற பம்பைத்தான் மாற்ற வேண்டும். அது புதிதாக வரும், பட்டினி கிடக்கும், கத்தும், சாகும். மறுபடி மாற்றலாம்.

1990-இல் ஃபோர்டு ஃபிரேம் பம்பை எடுத்துவிட்டு, டேங்குக்குள்ளேயே முழு பிரஷர் பம்பை வைத்தது. சுவிட்ச் எந்தப் பக்கமோ அந்த பம்ப் ஓடும். இன்ஜின் குடித்தது போக மீதி பெட்ரோல், ஓரிடத்தில் நிற்கும்போது பெரும்பகுதி, அது கிளம்பிய டேங்குக்கே திரும்பி வர வேண்டும். அதற்கென்று உள்ளே வால்வுகள். அவை பழுதானால் முன் டேங்கிலிருந்து போன பெட்ரோல் பின் டேங்குக்குத் திரும்பும். நீங்கள் முன் டேங்கில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோல் முள் கண்ணெதிரே சரியும், பின் டேங்க் நிரம்பி மூடி வழியாக ரோட்டில் வழியும். இதற்காகவே தொண்ணூறுகளில் ஃபோர்டு வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்துகொடுத்தது. உங்களைப் பொறுத்தவரை, பெட்ரோல் திருடன் ராத்திரியில் வந்து ஒரு டேங்கில் எடுத்து மறு டேங்கில் ஊற்றிவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொண்டு வாசலில் கேமரா மாட்டலாம்.

ஷெவர்லேக்காரர்களே, உட்காருங்கள். 1987 முதல் 1995 வரை வந்த உங்கள் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் உட்கார்ந்த அதே நாற்காலியில் இரண்டு இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும். அதற்கு 9-லிருந்து 13 பிஎஸ்ஐ போதும். 1996-இல் வந்த வோர்டெக் இன்ஜினுக்கு 60 வேண்டும், ஐந்தாறு குறைந்தாலே ஸ்டார்ட் ஆகாது. டேங்கும் பம்பும் வெளியே பார்க்க ஒரே ஜாடை. அதனால் பழையதன் பம்பைப் புதியதில் மாட்டுங்கள். பம்ப் அழகாக ஓடும், சத்தம் கேட்கும், கையால் தொட்டால் அதிரும், வண்டி மட்டும் கிளம்பாது. “பம்ப் நல்லாத்தான் ஓடுது” என்று சத்தியம் செய்ய வசதியாக இருக்கும்.

இன்னும் பழைய 1973 முதல் 1987 வரையிலான ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) பிக்கப்களில் டேங்கை ஃபிரேமுக்கு வெளியே, பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். இடிபட்டால் முதலில் இடிபடும் இடம். 1992-இல் என்பிசி தொலைக்காட்சியின் டேட்லைன் நிகழ்ச்சி இதை அம்பலப்படுத்தக் கிளம்பி, மோதலின்போது தீப்பிடிக்கட்டும் என்று வண்டிக்கு அடியில் தீப்பொறிக் கருவிகளையும் ரகசியமாகக் கட்டிவைத்துப் படம்பிடித்தது. ஜிஎம் வழக்குப் போட்டது, 1993 பிப்ரவரியில் என்பிசி திரையிலேயே மன்னிப்புக் கேட்டது, செய்திப் பிரிவின் தலைவர் பதவி விலகினார். டேங்க் அங்கே இருந்தது தப்பு என்பதை நிரூபிக்கத் தீப்பொறி தேவையே இல்லை. 1988 மாடலில் ஜிஎம்மே டேங்கை ஃபிரேமுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டது.

அதற்கும் முந்தைய 1967–72 ஷெவர்லேயில் டேங்க் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே. முதுகுக்குப் பின்னால் 20 கேலன் பெட்ரோலை வைத்துக்கொண்டு சிகரெட் பிடித்த தலைமுறை அது. இன்று அந்த வண்டிகளில் கார்புரேட்டரைக் கழற்றி நவீன இன்ஜெக்‌ஷன் மாட்டுவது பெரிய மோகம். ஜிஎம்மின் எல்எஸ் வி8 இன்ஜின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கார்புரேட்டர் இடத்திலேயே திருகும் கிட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் 58 பிஎஸ்ஐ. பணமெல்லாம் மேலே, பளபளப்பாகத் தெரியும் இடத்தில் செலவாகிவிட வேண்டும். டேங்கைத் தொடக்கூடாது.

பழைய டேங்குக்குள் தடுப்பு இல்லை. கால் டேங்கோடு ஒரு வளைவு எடுத்தால் பெட்ரோல் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கும், உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கும், பிரஷர் விழும். கார்புரேட்டர் இதைக் கண்டுகொண்டதே இல்லை, கிண்ணம் காப்பாற்றியது. இப்போது நெடுஞ்சாலைச் சரிவில் வளையும்போது இன்ஜின் ஒரு கணம் அணைந்து எரியும். பம்பை வெளியே, முடிந்தவரை உயரத்தில், டேங்கின் மட்டத்துக்கு மேலே மாட்டினால் இன்னும் பிரமாதம். உறிஞ்சவே பாடுபடும், குளிர்விக்கச் சுற்றிலும் பெட்ரோல் இல்லாமல் சூடாகும், கேபினுக்குள் பாட்டுப் போட்டாலும் அதன் குரல் கேட்கும்.

குழாய் விஷயத்தில் சிக்கனம் பிடியுங்கள். கார்புரேட்டருக்கான ரப்பர் ஹோஸில் எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சிட்டிருக்கும், 50 பிஎஸ்ஐ தாங்கும். இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9, 100 பிஎஸ்ஐ. பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்க 30ஆர்10 என்று இன்னொன்று. விலை வித்தியாசத்தில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம் என்பதால் ஆர்7-ஐ வாங்கி டேங்குக்குள் பம்போடு மாட்டுங்கள். வெளித்தோல் பெட்ரோலில் ஊறி உப்பி, ஒரு நாள் கிளாம்பிலிருந்து நழுவும். பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலை எடுத்து டேங்குக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கும். மேலே பிரஷர் பூஜ்யம். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்: புது பம்ப்.

பெட்ரோல் மீட்டரின் முள்ளையும் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது. ஜிஎம் மிதவை காலியில் 0 ஓம், நிரம்பினால் 90. பழைய ஃபோர்டில் காலியில் 73, நிரம்பினால் 10. ஃபோர்டு மிதவையை ஜிஎம் மீட்டரோடு இணைத்தால், டேங்க் நிரப்பியதும் முள் கிட்டத்தட்டக் காலியில் படுத்துக்கொள்ளும். ஓட ஓட ஏறும். முக்கால் டேங்க் காட்டும்போது வண்டி நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டிக்கு எதை மாற்றுவது? பம்பைத்தான்.

இப்படியாக பம்ப், ஃபில்டர், ரிலே, ரெகுலேட்டர், இன்ஜெக்டர்கள் எல்லாம் புதிதாகி, வாங்குவதற்குப் பொருளும் இல்லாமல், வீட்டில் பேச்சும் இல்லாமல் ஒரு கட்டம் வரும். ஃபிரேமில் பம்பின் எர்த் வயர் திருகியிருக்கும் இடம் துருப்பிடித்து, 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 9 போகிறதா என்றுகூட இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள், சரிதானே. அந்தக் கட்டத்தில், வேறு வழியே இல்லாததால், கடன் கேஜை வாங்கி வாருங்கள். வால்வு மூடியைக் கழற்றுங்கள், கேஜைத் திருகுங்கள், ஸ்டார்ட் செய்து சூடாகும்வரை ஓட விடுங்கள். வண்டி வழக்கம்போல இருமி அணையும் அந்த நொடியில் முள்ளைப் பாருங்கள்.

வி8, 38 பிஎஸ்ஐ. அசையவே இல்லை.

அதாவது பெட்ரோல் பக்கம் கோளாறு இல்லை. 1980-களின் எஃப்-150 என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎஃப்ஐ இக்னிஷன் மாட்யூலைப் பாருங்கள். சூடானால் சுருண்டுவிடும், வண்டியை அணைத்துவிடும், அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் வரும் வயிற்றுவலி மாதிரி, மெக்கானிக் முன்னால் நிற்கும்போது இருக்காது. இந்த மாட்யூலுக்காகக் கலிஃபோர்னியாவில் ஃபோர்டு மேல் பெரிய வழக்கே நடந்து 2001-இல் சமரசமாகி முடிந்தது. அதை மாற்றும்போது முதுகில் வெப்பம் கடத்தும் பசையைத் தடவ மறக்காதீர்கள், தடவாவிட்டால் புதியதும் வெந்துபோகும். இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் சாதாரண சாக்கெட் அந்த இடுக்கில் நுழையாது, மெல்லிய சுவருள்ள 5.5 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அதை வாங்கக் கடைக்குப் போகும்போது கேஜையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.